கப்பலேறப் போகும் காரும் நான் போடாத கையெழுத்தும்

அன்புள்ள காசிக்கு,

“ஏம்மா, நீ வாழ்க்கையில யாரையாவது, ஒரே ஒரு தடவ, கேள்வி கேக்காம நம்பியிருக்கியா?” என்று போன மாதம் போனில் கேட்டாய். கோபத்தில் கேட்டாய் என்று தெரியும். கேட்ட உடனே “சரி, வைக்கேன்” என்று வைத்தும்விட்டாய். நான் போனைக் கையில் பிடித்தபடி அடுப்படியில் நின்றேன். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. உன் அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன, பேச்ச அவன் நிறுத்திட்டானா, நீ நிறுத்திட்டியா?” என்றார். அவருக்கு எல்லாமே வேடிக்கைதான்.

கேள்வி நியாயமானதுதான். நீயும் அபிராமியும் மூன்று வயது மீனுவைத் தூக்கிக்கொண்டு நியூசிலாந்துக்குக் குடிபோகிறீர்கள். வேலை உத்தரவு வந்துவிட்டது, வீடும் பார்த்தாகிவிட்டது. உங்கள் மின்சாரக் காரையும் கண்டெய்னரில் ஏற்றிக் கொண்டுபோவது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்தக் கார் என் பேரில் இருக்கிறது. வாங்கிய சமயத்தில் நீ தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாய். ஆனால் உன் அடையாள அட்டையில் சென்னை முகவரி இருந்தது. இங்கே பதிவு செய்ய என் பேர் சுலபம் என்றாய், போட்டோம். பிறகு நீ சென்னைக்குப் போனாய். அங்கே உன் அடுக்குமாடியில் சார்ஜ் போட வசதியில்லாததால் கார் என்னோடு நின்றுவிட்டது. இப்போது நான் ஒரு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது தூத்துக்குடித் துறைமுகத்து வாசலைத் தாண்டும். மூன்று வாரமாக நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன், முகம் சுளிக்காதே. நம் தெருவில் மட்டும் நான்கு வீட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் கிளம்பப் போகிறார்கள். என் சந்தேகம் அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். வண்டியின் பதிவு அட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் இரண்டு தடவை சொன்னேன். அது எங்கேயும் தொலையவில்லை. பீரோவில், உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. நீ போனில் “நல்லா தேடும்மா” என்று சொன்னபோது நான் அந்த பீரோவின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளிடம் வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று கேட்டு, “வீட்ல வச்சிட்டு வந்துட்டேன் மிஸ்” என்ற பதிலைக் கேட்டவள் நான். அந்தப் பதிலைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று நீ அடிக்கடி கேட்பாய். இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. தனி ஊசல் சோதனை செய்யச் சொன்னால் பாதிப் பேர் விடையை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தகுந்த அளவுகளைப் பின்னால் நிரப்புவார்கள். அளவுகள் மிகவும் அழகாக வந்தால் எனக்கு உடனே புருவம் உயரும். உண்மையான அளவு கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். அப்படி ஒருமுறை ஒரு பிள்ளையின் நோட்டில் எல்லா அளவும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. பக்கம் முழுவதும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, “பார்த்து எழுதியது” என்று எழுதினேன். அடுத்த வாரம் தற்செயலாகப் பார்க்கிறேன், எல்லோரும் இருபது அலைவு எண்ணுகிற இடத்தில் அவள் உதடு அசைய அசைய ஐம்பது எண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்த்துக்கொண்டு எண்ணினாள். அதனால்தான் அவளுக்கு அளவு சுத்தமாக வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நோட்டில் அடித்தது நாற்பது பேர் முன்னால். இதைச் சொல்வதற்குக் காரணம், சந்தேகப்படுவது சரி என்று நான் நிரூபிக்க வரவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் சந்தேகித்த பல இடங்கள் தவறானவை. இந்தக் கார் விஷயத்திலும் அப்படித்தான் ஆனது.

போன வாரம் ஜெபராஜ் வந்திருந்தார். சென்னை ஏஜென்ட் அனுப்பிய ஆள், தூத்துக்குடிக்காரர். வண்டியைக் கப்பலில் ஏற்ற முன்கூட்டிப் பார்வையிட வந்தார். சாரல் பிடித்திருந்த காலை நேரம், மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார். அவர் வருவதற்கு முதல் நாள் ஏஜென்ட் போனில், “மேடம், சார்ஜ் முப்பது சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது, பாத்துக்கோங்க” என்று சொல்லியிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? முழுக்கச் சார்ஜ் போட்டு வைத்தேன். நம் வீட்டில் தூரம் போகிற எதையும் குறையாக அனுப்பும் பழக்கம் கிடையாது. நீ கோயம்புத்தூரில் படிக்கப் போனபோது தண்ணீர்க் கூசாவைக்கூட வாய்வரை நிரப்பித்தான் கொடுத்தேன், பஸ் ஏறும்போதே உன் சட்டை நனைந்தது. ஆனால் பழக்கம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, குறைவாக வைக்கச் சொல்வதில் ஏதோ சூது இருக்கிறது என்ற எண்ணம்.

ஜெபராஜ் காரில் ஏறி உட்கார்ந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரு டீச்சர் இத ஃபுல்லா போட்டது?”

“நான்தான்.”

“முப்பதுக்கு மேல இருந்தா ஏத்த மாட்டாவன்னு ஏஜென்ட் சொல்லலையா?”

“சொன்னாரு. அதனாலதான் போட்டேன்.”

வாசல்படியில் நின்ற அப்பா குறுக்கே விழுந்தார். “தம்பி, அவகிட்ட யாராவது வலதுபக்கம் போங்கன்னு சொன்னா இடதுபக்கம்தான் வழின்னு எடுத்துக்கிடுவா. நானே அப்படித்தான் சொல்லிச் சொல்லி குடும்பம் நடத்துதேன்.”

“நீங்க சும்மா இருங்க” என்றேன். பிறகு என் சந்தேகத்தைச் சொன்னேன். சார்ஜ் குறைவாக இருந்தால், வழியில் நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டினாலும் இறங்கும்போது யாருக்கும் தெரியாதல்லவா?

ஜெபராஜ் சிரிக்கவில்லை, அதுவே அவரிடம் எனக்குப் பிடித்தது. “டீச்சர், அந்த பேட்டரி இந்த வண்டியோட அடிவயிறு பூரா பரவிக் கெடக்கு. எறக்கணும்னா வண்டியத் தூக்குத மிஷினு வேணும், அதுக்குன்னு படிச்ச ஆளு வேணும். நடுக்கடல்ல யாரு செய்வா?”

“டார்ச்லைட்டுன்னு நெனச்சிட்டா” என்றார் அப்பா.

“பின்ன எதுக்குக் கொறைக்கச் சொல்லுதிய?”

“தீ பிடிச்சா டீச்சர். நெறஞ்ச பேட்டரி எரிஞ்சா நிக்காது. கொறஞ்சதுன்னா கொஞ்சம் அடங்கும். கப்பல்ல அதான் பயம்.”

காசி, எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சேமித்த ஆற்றல் கூடினால் ஆபத்தும் கூடும் என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதியவள் நான். சொன்ன ஆள் ஏஜென்ட் என்பதற்காக, எனக்குத் தெரிந்த பாடத்தையே நான் நம்பவில்லை.

அதோடு முடியவில்லை. ஜெபராஜ் பின்பக்கத்தைத் திறந்து, விரித்திருந்த பாயைத் தூக்கினார்.

“அண்ணாச்சி, இது என்ன?”

“நெல்லு” என்றார் அப்பா.

“நெல்லுன்னு தெரியுது. கார்ல எப்படி வந்துச்சு?”

“வடகரையில வயல்ல இருந்து ஒரு ரெண்டு மூட கொண்டாந்தோம்.”

“ரெண்டு மூடைக்கு இம்புட்டு நெல்லு சிந்துமா?”

“ஒரு பத்து இருக்கும். ஒரேடியா இல்ல.”

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நான் ஊரிலுள்ள ஏஜென்ட், கப்பல்காரன் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற மனுஷன் வாரம் ஒருமுறை “வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டி வைக்கணும்லா” என்று சாவியை வாங்கிப் போய் நெல் மூட்டை ஏற்றியிருக்கிறார். நான் ஏதும் கேட்டதில்லை. ஜெபராஜ் எங்கள் இரண்டு பேருக்கும் பொறுமையாகச் சொன்னார்: அந்த நாட்டில் ஒரு விதை, ஒரு எறும்பு, சக்கரத்தின் உள்பக்கத்தில் ஒட்டிய ஒரு கட்டி மண் இருந்தாலும் வண்டியை உள்ளே விட மாட்டார்கள். அங்கேயே நிறுத்திக் கழுவச் சொல்வார்கள், முடியாவிட்டால் திருப்பிவிடுவார்கள். “வீலு உள்ள பாருங்க, ஐந்தருவி ரோட்டுச் சகதி பூரா இங்கனதான் இருக்கு” என்று விரலால் சுரண்டிக் காட்டினார்.

அதன் பிறகு நான் கேள்வித்தாளை எடுத்தேன். பத்தொன்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். கப்பல் எத்தனை நாள், இடையில் எங்கே நிற்கும், கண்டெய்னருக்கு யார் பூட்டு, சாவி யாரிடம், உப்புக் காற்றில் மின்கம்பிகளுக்கு என்ன ஆகும், காப்பீடு எதிலிருந்து எதுவரை என்று வரிசையாகக் கேட்டேன். தெரிந்ததற்குத் தெரியும் என்றார், இரண்டுக்குத் “தெரியாது, கேட்டுச் சொல்லுதேன்” என்றார். அப்பா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஜெபராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

“பத்தொன்பது கேள்வி கேட்டிய டீச்சர். பத்தொன்பதும் கப்பல்லயே நிக்குது. எறங்குன பெறகு அந்த வண்டிய யாரு பாப்பான்னு கேக்கவே இல்லையே?”

“அத உங்ககிட்டதான கேக்கணும்?”

“என்கிட்ட கேக்காதிய. ஏஜென்ட்கிட்டயும் கேக்காதிய. ஏத்தி எறக்குத வரைக்கும்தான் எங்க சோலி. அங்கன ஸ்பேனர் பிடிக்கவன்கிட்ட கேளுங்க.”

அவர் போன பிறகு நான் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். கேட்காதே என்று சொன்னாலும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. “அங்கே சர்வீஸ் உண்டா?” என்றேன். “எல்லாம் இருக்கு மேடம்.” “எந்த ஊரில்?” “எல்லா ஊர்லயும் இருக்கு மேடம்.” “என் மகன் போகிற ஊரின் பேர் என்ன?” என்றேன். “லைன் சரியில்ல மேடம், கூப்பிடுறேன்” என்றார். இன்னும் கூப்பிடவில்லை. வகுப்பில் “புரிந்ததா?” என்று கேட்டால் முதலில் தலையாட்டுகிறவன்தான் பெரும்பாலும் புரியாதவன். புரிந்தவன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு குறிப்பிட்ட இடத்தைக் காட்டி, “இந்த வரி மட்டும் இடிக்குது மிஸ்” என்பான். எல்லா ஊரிலும் இருக்கிறது என்கிறவருக்கு ஒரு ஊரும் தெரியாது.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆம், ஒரு தடவை கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறேன். உன் மாமாவை, என் அண்ணனை. உனக்கு இரண்டு வயது. எனக்குச் சிவகிரிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்திருந்தது. அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வரும்போது தங்கைக்கென்று ஒரு பெரிய ஃபிரிட்ஜைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தான். கதவு இரண்டு, உள்ளே விளக்கு, பால் வண்ணம். தெருவே வந்து பார்த்தது. நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணன் கொண்டுவந்ததை யார் கேட்பார்கள்? எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் விளக்கு மட்டும் எரிந்தது, குளிர் வரவில்லை. சிவகிரி மெக்கானிக் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, “இந்தக் கம்பெனிய நான் கேள்விப்பட்டதே இல்ல டீச்சர், கைய வச்சா கெட்டுப்போகும்” என்று நகர்ந்தார். தென்காசியிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் ஒரு சின்னப் பாகத்தின் பேரைச் சொல்லி, அது மஸ்கட்டில்தான் கிடைக்கும் என்றார். அண்ணன் அடுத்த லீவுக்கு வாங்கி வந்தான், அது வேறு அளவு. கடைசியில் அந்த ஃபிரிட்ஜில் நான் விடைத்தாள்களை அடுக்கினேன். எலி வராது, பூச்சி அண்டாது, நல்ல பீரோதான்.

அதில் நான் செய்த தவறு, கேட்காமல் வாங்கியது அல்ல. அதற்குப் பிறகு செய்ததுதான். அண்ணன் வரும்போதெல்லாம் அவன் முன்னாலேயே அந்தக் கதவைத் திறந்து, “இரு, ஜில்லுன்னு ஒரு நோட்டு எடுத்துத் தாரேன்” என்று கேலி பேசுவேன். அவனும் சிரிப்பான். ஒருமுறை அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அப்பா, “இனிமே அந்த கதவ அவன் முன்னால தொறக்காத. ரெண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேத்து வாங்குனானாம், பஸ் ஸ்டாண்டுல சொல்லிட்டு மூக்க உறிஞ்சுதான்” என்றார். அன்பாகக் கொண்டுபோகிற பொருள், பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் கெட்டுப்போனால், கொண்டுவந்தவன் மேல் கோபமாக மாறிவிடுகிறது. நீயும் அபிராமியும் புது ஊரில், பின் சீட்டில் தூங்குகிற பிள்ளையோடு, ஆளில்லாத சாலையில் நின்றுபோன காருக்குள் உட்கார்ந்து ஒருவரையொருவர் குற்றம் சொல்வதை நான் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அதுதான் பயம். கார் போனால் போகிறது.

பிறகு நான் வண்டியோடு வந்த உத்தரவாதப் புத்தகத்தை எடுத்தேன். நீ படித்திருக்க மாட்டாய், நானும் இத்தனை நாள் படிக்கவில்லை. பேட்டரிக்கு எட்டு வருஷ உத்தரவாதம் என்று கடைக்காரர் பெரிதாகச் சொன்னாரே, அதற்குக் கீழே பொடி எழுத்தில், இந்தியாவில் விற்கப்பட்டு இந்தியாவில் ஓடும் வண்டிக்கு மட்டும் என்று இருக்கிறது. கப்பல் ஏறிய அன்றே அந்த எட்டு வருஷம் முடிந்துவிடும். வண்டியின் செயலி இங்குள்ள சிம் கார்டில் பேசுகிறது, அங்கே அது வாய் திறக்குமா என்று புத்தகத்தில் இல்லை. வீட்டில் சார்ஜ் போடுகிற கம்பியின் முனையில் நம் ஊர் மூன்று உருண்டை முள். அங்கே முள் தட்டையாக, சாய்வாக இருக்குமாம். “ஒரு அடாப்டர் போட்டா போச்சு” என்று நீ சொல்வாய், எனக்கு இங்கே கேட்கிறது. மின்னழுத்தம் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் செல்போன் சார்ஜர் வேறு, பத்து மணி நேரம் விடாமல் பெரிய மின்னோட்டம் இழுக்கிற கார் வேறு. இடையில் தளர்வாக ஒரு அடாப்டர் இருந்தால் அது சூடாகும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குப் போட்ட அடாப்டர் உருகிச் சுவரில் கறுப்புத் தடம் விட்டது, இன்னும் சுண்ணாம்புக்கு மேலே தெரிகிறது.

ஆள் இருப்பது என்றால் என்ன என்று நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். இரண்டு வருஷத்துக்கு முன் சீசனில் ஐந்தருவிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வண்டி நிறுத்தும் இடத்தில், பழக்கடைகளுக்குப் பக்கத்தில், புனலூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றுபோன மின்சாரக் காரோடு நனைந்துகொண்டிருந்தது. பழக்காரர், “தள்ளி நிறுத்துங்க, யாவாரம் கெடுதுல்லா” என்று அதட்டிக்கொண்டிருந்தார். நீ நேராகப் போய், “நம்ம வீட்டுக்கு வாங்க சேட்டா, பக்கம்தான்” என்றாய். நான் உன் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். “ஏலே, யாரு எவருன்னு தெரியாம வீட்டுக்குக் கூப்பிடுதியே!” “அம்மா, கைக்குழந்த இருக்கு பாரு.” அவர்கள் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறும் இடைவெளியில் மறுபடியும் ஐந்தருவிக்குப் போகச் சொல்லி அப்பாவை விரட்டி, அவர்கள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வரச் சொன்னேன். கம்பெனிக்குப் போன் போட்டதும் திருநெல்வேலியிலிருந்து ஆள் வந்தான். பெட்டியைத் திறந்தான், ஏதோ ஒன்றை மாற்றினான், வண்டி கிளம்பியது. அடுத்த ஓணத்துக்கு அவர்களிடமிருந்து ஏத்தங்காய் உப்பேரி, அதுதான் நேந்திரங்காய் வறுவல், வந்தது. முதலில் பொட்டலத்தில் காலாவதித் தேதி பார்த்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீ நம்பியது சரி, நான் சந்தேகப்பட்டது தப்பு. ஆனால் ஒன்றைக் கவனி. சாப்பாடு போட நாம் இருந்தோம். வண்டி கிளம்பியது, திருநெல்வேலியில் அந்த வண்டியைத் திறக்கத் தெரிந்த ஒருவன் இருந்ததால்.

இனிமேல் சொல்லப்போவது எனக்குச் சங்கடமானது. ஏஜென்ட், கப்பல், பேட்டரி, முள் எல்லாவற்றையும் சந்தேகித்து முடித்த பிறகு மிச்சம் ஒரு ஆள்தான் இருந்தாள். நான். இவ்வளவு கேள்வியும் கார் நல்லபடி போய்ச்சேர வேண்டும் என்றா, போகக்கூடாது என்றா? அறுபத்திரண்டு வயதில் நான் வண்டி ஓட்டப் பழகியது இந்தக் காரில். கிளட்ச் இல்லை, கியர் இல்லை என்பதால்தான் தைரியம் வந்தது. இலஞ்சிக்கும் செங்கோட்டைக்கும் நானே ஓட்டிப் போகிறேன், சந்தை முக்கில் ஆட்டோக்காரர்கள் “டீச்சர் வாராவ, ஒதுங்குங்கலே” என்று வழிவிடுகிறார்கள். அதை விட மனசில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரிது இன்னொன்று இருக்கிறது. கார் இங்கே நின்றால் நீ வருவாய் என்று எங்கோ ஒரு கணக்கு போட்டிருக்கிறேன். அதை அப்பாவிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். “காரையும் தூக்கிட்டுப் போறவன் திரும்பி வருவானா?”

தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஏட்டி, காருக்காகவா அவன் வரணும்? நீ இருக்க, நான் இருக்கேன்.”

“நம்மளுக்காக வருவானா?”

“வருவான். வரலன்னு வச்சிக்கோ, இந்தக் காரு மட்டும் இங்கன நின்னு என்ன செய்யப் போவுது? அதுல உக்காந்து நாம ரெண்டு பேரும் ஏசி போட்டுக்கிட்டு அழணுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியபோது, பதிவு அட்டை ஏன் பட்டுச்சேலைக்கு அடியில் போனது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. பேட்டரிக்காக ஒளித்து வைத்ததல்ல அது.

எனவே நேற்று காலை பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். நிபந்தனை எதுவும் எழுதவில்லை. நீ முப்பத்து நான்கு வயது மனிதன், உன் காரை எங்கே கொண்டுபோவது என்று உனக்குத் தெரியும். இரண்டையும் பதிவுத் தபாலில் உனக்கே அனுப்பியிருக்கிறேன், ஏஜென்டுக்கு அல்ல. அப்பா பின்பக்கத்துப் பாயைப் பிரித்துப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் நெல்லை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துக்கொண்டிருக்கிறார். “யாரு செஞ்ச வேல!” என்று முணுமுணுக்கிறார். நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. சார்ஜைக் குறைக்க நான் தினமும் குற்றாலம் போய் வருகிறேன், சாரலுக்காகப் போவதாக ஊரில் நினைக்கிறார்கள்.

கார் அங்கே போய் நன்றாக ஓடினால், அபிராமி மீனுவைப் பின்னால் வைத்துக் கடற்கரைக்கு ஓட்டிப்போகிற படத்தை எனக்கு அனுப்பு. நான் தேதி பார்க்காமல் சந்தோஷப்படுவேன். காரை அனுப்பாமல் இங்கேயே விற்றுவிட முடிவெடுத்தாலும், அம்மா சொன்னதால் என்று யாரிடமும் சொல்லாதே. நீ கேட்டுத் தெரிந்துகொண்டதால் என்று சொல். எதைச் செய்தாலும் நீயும் அபிராமியும் சேர்ந்து கேட்டு, சேர்ந்து முடிவெடுங்கள். பின்னால் ஒருவர் முன் ஒருவர் எந்தக் கதவையும் திறந்து கேலி பேச வேண்டியிருக்காது.

ஒன்றே ஒன்று செய். அந்தச் சம்மதக் கடிதத்தை ஏஜென்டிடம் கொடுப்பதற்கு முன்னால், நீங்கள் குடியேறப்போகிற ஊரில் மின்சாரக் கார் பழுது பார்க்கிற ஒரு பட்டறையின் நம்பரைக் கண்டுபிடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அபிராமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டியின் மாடலையும் வருஷத்தையும் சொல்லி, “இது எங்கள் ஊரில் வாங்கியது, உங்கள் ஊர்ச் சாலையில் நின்றுபோனால் நீங்கள் வந்து திறந்து பார்ப்பீர்களா?” என்று கேள்; கேட்ட பிறகு, அவர் சொல்லி முடிக்கும்வரை நீ ஒரு வார்த்தை பேசாதே.

அன்புடன்,
அம்மா